ஒரே மேகசின், இரண்டு வரி

தாயில்பட்டியில் இருந்துகொண்டு பட்டாசு ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், சிவகாசி என்று வாடிக்கையாளர்கள் எல்லோரும் பைக்கில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். பில், ஆர்டர், இருப்பு, லாரி ஆபீஸ் சீட்டு, உரிமம் முடியும் தேதி, இவ்வளவுதான் நான் எழுதுகிற நிரல்களின் உலகம். இதில் கஷ்டமான கணிதம் எதுவும் கிடையாது. கஷ்டம் முழுக்கப் பெயர்களில் இருக்கிறது. சரக்கின் பெயர், பார்ட்டியின் பெயர், ஊர்ப் பெயர், மேகசின் என்கிற வெடிபொருள் கிடங்கின் பெயர். இரண்டு பெயர்கள் ஒன்றா, வேறா என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் என் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்ட வேலை.

நிரல் எழுதாதவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் எல்லா நிரல்களின் நடுவிலும் டிக்‌ஷனரி என்ற ஒரு அமைப்பு இருக்கும். ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய தகவலை உடனே எடுத்துக் கொடுக்கும். லட்சம் பெயர்கள் இருந்தாலும் ஒவ்வொன்றாகத் தேடாது. சாவியிலிருந்து ஹாஷ் என்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்துக்கு நேரே போய்விடும். ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 ஜனவரியில் ஒரு உள்குறிப்பில் இந்த யோசனையை எழுதினார். இன்றைக்குப் பெரும்பாலான நிரல் மொழிகளில் அது இருக்கிறது.

சிவகாசி லாரி ஆபீஸைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பார்சல் உள்ளே வந்ததும் ஊரைப் பார்த்து அந்த ஊருக்கான இடத்தில் அடுக்கிவிடுவார்கள். தேடும்போதும் முதலில் ஊர், பிறகு அந்த அடுக்கில் மட்டும் சீட்டைச் சரிபார்ப்பது. ஊர் என்பது ஹாஷ். சீட்டைச் சரிபார்ப்பது சமமா என்று பார்க்கும் சோதனை. அடுக்கியவர் தூத்துக்குடி என்று ஓர் இடத்தில் வைத்து, தேடுபவர் டூட்டிகோரின் என்று இன்னோர் இடத்தில் பார்த்தால், இரண்டும் ஒரே ஊர் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் பயனில்லை. அவர் அந்தப் பார்சலின் பக்கத்துக்கே போகமாட்டார்.

இந்த விதியைத்தான் புதிதாக நிரல் எழுத வருகிறவர்கள் பாதியோடு விட்டுவிடுகிறார்கள். டிக்‌ஷனரிக்கு நம் சொந்த ஒப்பீட்டைக் கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். எந்த இரண்டு சாவிகள் சமம் என்று சொல்ல வேண்டும். சமமானவை இரண்டுக்கும் ஒரே ஹாஷ் வரும்படியும் செய்ய வேண்டும். முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை விட்டால் நிரல் எந்தப் பிழையும் காட்டாது. சமமா என்று கேட்கும் சந்தர்ப்பமே பெரும்பாலும் வராது. இருக்கிற பொருளை இல்லை என்று சொல்லிக்கொண்டே ஓடும்.

அதன் விளைவை ஓர் ஆலையில் பார்த்தேன். வேறு யாரோ எழுதிய பழைய நிரல், பராமரிப்புக்காக என்னிடம் வந்தது. அந்த ஆலையின் கணக்குப்பிள்ளை வயதானவர். திரையைக் காட்டி, "தம்பி, கோவில் மேகசின் எப்ப ரெண்டாச்சு?" என்றார்.

"ஒண்ணுதானே அண்ணாச்சி இருக்கு?"

"இருக்கிறது ஒண்ணுதான். இதுல ரெண்டு வரி நிக்கிதே. எழுத்துப் பிழையும் இல்ல, பாத்துட்டேன்."

எழுத்துப் பிழை இல்லைதான். இரண்டு வரிகளிலும் கோவில் மேகசின் என்றே இருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாலும் போட்டுப் பார்த்தாலும் ஒரே எழுத்துகள். ஆனால் உள்ளே இருந்த எண்கள் வேறு. யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதினால் அதன் எண் 3019. இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியாக எழுதினால் 3015, 3006 என்று இரண்டு எண்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். ஆலையின் பழைய பட்டியல், அச்சகத்து எழுத்துருவிலிருந்து மாற்றி எடுக்கப்பட்டது. அந்த எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனி எழுத்துகள் என்பதால், மாற்றும் கருவி அவற்றைத் தனித்தனியாகவே வைத்துவிட்டது. புதிதாகத் தட்டச்சு செய்தவரின் கணினி ஒரே குறியாகப் போட்டது. பழைய சரக்கு ஒரு வரியில், புதிய சரக்கு இன்னொரு வரியில்.

இதைப் பெயர்க் குழப்பம் என்று விட்டுவிட முடியாது. வெடிபொருள் உரிமத்தில் ஒவ்வொரு மேகசினிலும் எத்தனை கிலோ வைக்கலாம் என்று அளவு உண்டு. உதாரணத்துக்கு அது 1,000 கிலோ என்றால், ஒரு வரியில் 600, இன்னொரு வரியில் 550 என்று இருக்கும்போது நிரல் இரண்டையும் பச்சை நிறத்தில் காட்டும். உண்மையில் கட்டடத்துக்குள் இருப்பது 1,150. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தையும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்ததையும் இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அவற்றுக்கும் மென்பொருளுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அளவு மீறினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊரில், அளவைக் காட்டும் திரை பொய் சொல்லக் கூடாது. கணக்குப்பிள்ளை கண்ணில் பட்டதால் அது காகிதத்தோடு முடிந்தது.

இதற்கு மருந்து உண்டு. யூனிகோடு இந்த இரண்டு வடிவங்களையும் சமம் என்றே அறிவித்திருக்கிறது. என்.எஃப்.சி. என்ற முறையில் இயல்பாக்கினால் பிரிந்த கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகிவிடும். கோவில்பட்டி, பொள்ளாச்சி, தொண்டி, போடி எல்லாம் இதில் சரியாகும். ஆனால் தமிழில் சிக்கல் அங்கே முடிவதில்லை. தமிழ்ப் பெயர்களைச் சாவியாக வைக்கிறவர்கள் அதற்கு மேலும் போயாக வேண்டும்.

முதலில் ஔகாரம். சௌந்தரபாண்டியன் என்ற பெயரில், ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக ளகர எழுத்தையே தட்டிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கண்ணுக்கு அதே பெயர்தான். யூனிகோடு கணக்கில் அது வேறு சொல். என்.எஃப்.சி. இதைத் தொடாது. தொடவும் கூடாது, ஏனென்றால் உண்மையாகவே எகரத்துக்குப் பின் ளகரம் வரும் சொற்கள் தமிழில் உண்டு. வெள்ளம் என்பதையும் தெளிவு என்பதையும் மொத்தமாக மாற்றினால் சொல்லே கெட்டுவிடும். ஆகவே ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதபோது மட்டும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கிறேன். செளந்தரபாண்டியன் அந்தப் பட்டியலில் வரும்போது ஆள் பார்த்துத்தான் ஒன்றாக்குகிறார்.

அடுத்தது ஸ்ரீ. சிவகாசிப் பகுதியில் ஸ்ரீ என்று தொடங்கும் ஆலைகளையும் கடைகளையும் எண்ணி முடியாது. இந்த எழுத்துக்கு யூனிகோடில் இரண்டு பிறப்பு. 2005இல் வந்த யூனிகோடு 4.1இல்தான் 2998 என்ற எண்ணோடு தனி ஶகரம் சேர்ந்தது. அதற்கு முன்பு 3000 என்ற எண்ணுள்ள ஸகரத்தை வைத்தே ஸ்ரீ எழுதப்பட்டது. இன்றும் சில விசைப்பலகைகள் பழையதையும் சில புதியதையும் தருகின்றன. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். இவை சமம் என்று யூனிகோடும் சொல்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். இந்த ஒரு மாற்றத்தை ஒப்பீட்டில் சேர்த்ததும் என் வாடிக்கையாளர்களின் பார்ட்டி பட்டியல்கள் கண்ணுக்குத் தெரியச் சுருங்கின.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாத எழுத்துகள். க், ஷ இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் தனியாகத் தெரிய வேண்டுமென்றால் நடுவில் 8204 என்ற எண்ணுள்ள இணைப்புத் தடுப்பான் வரும். வாட்ஸப்பிலிருந்து ஒட்டிய ஆர்டர்களில் 160 என்ற எண்ணுள்ள வேறு வகை இடைவெளி வரும். சாவிக்கு இவை தேவையில்லை. தடுப்பானை நீக்கிவிட வேண்டும், இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட வேண்டும்.

இதையெல்லாம் செய்யப் பழகியதும் இன்னும் கொஞ்சம் இளக்கலாமே என்று கை பரபரக்கும். அங்கே நிற்க வேண்டும். பட்டாசு விலைப்பட்டியலில் குருவி வெடி 2¾ இன்ச், லட்சுமி வெடி 3½ இன்ச், 4 இன்ச் என்று அளவுகள் வரும். புள்ளிகளை எல்லாம் நீக்கினால் செ.மீ.யும் செமீயும் ஒன்றாகும், நல்லது. கூடவே 3.5 என்பது 35 ஆகிவிடும். இடைவெளிகளை நீக்கினால் 3 1/2 என்பது 31/2 ஆகும். என்.எஃப்.கே.சி. என்று இன்னும் தாராளமான ஓர் இயல்பாக்கம் இருக்கிறது. அதில் ½ என்ற ஒற்றை எழுத்து ஒன்று, பின்னக்கோடு, இரண்டு என்று மூன்றாகப் பிரியும். மூன்றரை இன்ச், இரண்டால் வகுத்த முப்பத்தொன்றாக நிற்கும். நிரலாளர் பலர் பத்திரமானது என்று நம்பி இதைப் பயன்படுத்துகிறார்கள். பெயருக்கு ஓர் ஒப்பீடு, அளவுக்குத் தனி எண் என்று பிரித்துவைப்பதே சரி. ஒரே எழுத்துச் சரத்தில் இரண்டையும் திணித்துவிட்டுப் பிறகு ஒப்பீட்டின் தலையில் பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை.

"கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தால் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று என்னிடம் வேலை கற்கிற பையன்கள் கேட்பார்கள். ஓர் எழுத்து வித்தியாசத்தை மன்னிக்கலாமே என்பார்கள். முடியாது. கம்பி மத்தாப்பில் 10 செ.மீ., 12 செ.மீ., 15 செ.மீ. என்று வகைகள் உண்டு. மூன்று செ.மீ. வரை வித்தியாசம் இருந்தால் சமம் என்று விதி வைத்தால், 10ம் 12ம் சமம், 12ம் 15ம் சமம், 10ம் 15ம் சமமில்லை. இப்போது மூன்றுக்கும் எந்த ஹாஷ் கொடுப்பது? முதல் இரண்டுக்கும் ஒன்று, கடைசி இரண்டுக்கும் ஒன்று என்றால் மூன்றுக்கும் ஒன்றுதான். இப்படியே சங்கிலி நீண்டால் 7 செ.மீ.யிலிருந்து 15 செ.மீ. வரை ஒரே அடுக்கில் வந்து விழும். எல்லாவற்றுக்கும் ஒரே ஹாஷ் கொடுத்தாலும் டிக்‌ஷனரி ஓடத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொன்றாகத் தேடும், அதோடு எந்தச் சாவி முதலில் நுழைந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும். சமம் என்ற உறவு சங்கிலியாகச் செல்ல வேண்டும். நெருக்கம் என்ற உறவு அப்படிச் செல்லாது. நெருக்கமான பெயர்களைத் தேடிக் காட்டுவது நல்ல வசதி, அதைத் தனியாகச் செய்து மனிதரிடம் கேளுங்கள். டிக்‌ஷனரிக்குள் அதற்கு இடமில்லை.

பூச்சட்டி, புஸ்வாணம், ஃபிளவர் பாட் மூன்றும் ஒரே சரக்கு என்பதையும் எழுத்துகளை ஒப்பிட்டு அறிய முடியாது. சங்கு சக்கரம், தரைச் சக்கரம் அப்படித்தான். அவற்றுக்குச் சரக்கு எண்ணோடு ஒரு மாற்றுப்பெயர் அட்டவணை வேண்டும். அந்த அட்டவணையை ஆலைக்காரர்தான் நிரப்ப வேண்டும். நான் நிரப்பிக் கொடுப்பதில்லை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஒரு பார்ட்டி இன்னொரு பார்ட்டியோடு சமமா? இதற்கு ஒரு விடை கிடையாது.

2017 ஜூலை 1 முதல், பதிவு செய்த ஒவ்வொரு வியாபாரிக்கும் 15 எழுத்துள்ள ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது. முதல் இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் வருமான வரித்துறை கொடுத்த பான் எண். கடைசி எழுத்து தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எழுத்து. அதைக் கணக்கிடும் முறையும் ஹாஷ் யோசனையைத் தந்த அதே லூனின் பெயரால் வழங்கும் முறையின் குடும்பம்தான். சிவகாசிச் சரக்கு இந்தியா முழுக்கப் போகிறது. ஒரே முதலாளி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கடை வைத்திருந்தால் இரண்டு ஜி.எஸ்.டி. எண்கள் இருக்கும், பான் ஒன்றே. பில் போடுகிற நிரலுக்கு இவர்கள் இரண்டு பேர், முழு எண்ணையும் ஒப்பிட வேண்டும். எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று பார்க்கிற நிரலுக்கு இவர்கள் ஒருவர், நடுவில் உள்ள பத்து எழுத்துகளை மட்டும் ஒப்பிட வேண்டும். லாரி ஆபீஸ் சீட்டுக்கு ஊரும் கடைப் பெயரும் போதும். உரிமம் பார்க்கிறபோது கடையின் வெடிபொருள் உரிம எண்தான் பேச வேண்டும், ஏனென்றால் உரிமம் அந்த இடத்துக்குக் கொடுக்கப்பட்டது.

ஆக ஒரே பார்ட்டிப் பதிவுக்கு நான்கு விதமான சமம். இதனால்தான் ஒப்பீட்டைப் பதிவுக்குள் புதைக்காமல் வெளியே தனியாக வைத்து, டிக்‌ஷனரி உருவாக்கும்போது கொடுக்கிற வசதி அருமையானது. 2005இல் வந்த டாட்நெட் 2.0 முதல் சி ஷார்ப் மொழியில் இது இருக்கிறது. ஈக்வல்ஸ், கெட்ஹாஷ்கோட் என்ற இரண்டு செயல்களையும் ஒரே இடத்தில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளும். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை எழுத முடியாதபடி சோடியாகக் கேட்பதே ஒரு நல்ல ஆசிரியர் செய்யும் காரியம். சி பிளஸ் பிளஸ் மொழியின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பிலும் ஒப்பீட்டை வெளியிலிருந்து கொடுக்கும் வசதி உண்டு. ஜாவாவின் ஹாஷ்மேப்பிலும் பைத்தானிலும் இல்லை. அங்கே சாவியையே ஒரு சிறு உறைக்குள் போட்டு, அந்த உறைக்கு நம் ஒப்பீட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சுற்றுவழிதான், ஆனால் சரியான வழி.

ஜி.எஸ்.டி. வந்தபோது இன்னொரு பாடமும் கிடைத்தது. பார்ட்டிப் பதிவையே சாவியாக வைத்து, பழைய வாட் காலத்து 11 இலக்க எண்ணிலிருந்து ஹாஷ் எடுத்த நிரல் ஒன்று இந்தப் பக்கம் புழக்கத்தில் இருந்தது. எண் மாற்றம் வந்ததும் பதிவுகளுக்குள் புதிய எண்ணை எழுதினார்கள். அந்த நிமிடத்திலேயே டிக்‌ஷனரிக்குள் இருந்த பார்ட்டிகள் காணாமல் போனார்கள். பட்டியலாக அச்சிட்டால் இருப்பார்கள், பெயர் சொல்லிக் கேட்டால் இல்லை. பழைய எண் காட்டிய இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்க, புதிய எண் வேறு இடத்தைக் காட்டியது. உள்ளே போன சாவியை மாற்றக் கூடாது. மாற்ற வேண்டுமானால் வெளியே எடுத்து, மாற்றி, மறுபடி வைக்க வேண்டும்.

தயாராகக் கிடைக்கும் ஒப்பீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாட்நெட்டில் மொழி வழக்கைப் பார்த்து ஒப்பிடும் முறை ஒன்று உண்டு. பிரிந்த கொம்பையும் தடுப்பானையும் அதுவே கவனித்துக்கொள்ளும். ஆனாலும் நான் அதைச் சாவிக்குப் பயன்படுத்துவதில்லை. 2020 நவம்பரில் டாட்நெட் 5 வந்தபோது விண்டோஸிலும் இந்த ஒப்பீடு ஐ.சி.யூ. என்ற நூலகத்துக்கு மாறியது. எது சமம் என்ற விதி, நாம் ஒரு வரியும் மாற்றாமலேயே, பதிப்பு மாறியதால் சில இடங்களில் மாறியது. ஆலையின் இருப்புக் கணக்கு அப்படி இன்னொருவரின் கையில் இருக்கக் கூடாது. பெயர் உள்ளே வரும்போதே என் விதிப்படி ஒருமுறை இயல்பாக்கி, அதைத் தனியாகச் சேமித்து, எண்ணுக்கு எண் ஒப்பிடுகிறேன். வேகமும் அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு தேடலிலும் இயல்பாக்க வேண்டியதில்லை. பார்ட்டி எழுதிக் கொடுத்த எழுத்து அப்படியே இன்னொரு இடத்தில் இருக்கும். பில்லில் அதுதான் அச்சாகும். இதைச் செய்யாமல் டிக்‌ஷனரியின் சாவியையே அச்சிட்டால், முதலில் நுழைந்த வடிவமே கடைசிவரை நிற்கும். தகவலை மாற்றினாலும் சாவி மாறாது. தன் கடைப் பெயரைத் தான் எழுதுகிற மாதிரி பில்லில் பார்ப்பது வியாபாரிக்கு மரியாதை. அதை நாம் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஹாஷ் எண்ணைத் தரவுத்தளத்தில் சேமித்துவைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில், வேண்டுமென்றே ஒரே ஹாஷ் வரும் சாவிகளை அனுப்பி இணையச் சேவைகளை முடக்கலாம் என்று செய்து காட்டினார்கள். அதன் பிறகு பைத்தான் 3.3 முதற்கொண்டு பல மொழிகளில் சரத்தின் ஹாஷ், நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இன்றைய எண் நாளை வராது, அதனால் சேமித்துப் பயனில்லை.

புதிய ஆலைக்கு நிரல் போடும் முன், கணக்குப்பிள்ளையிடம் பழைய நோட்டையும் பட்டியலையும் வாங்கி, ஒன்றுதான் என்று அவர் சொல்லும் பெயர்களை ஒரு கோப்பாகவும், ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு என்று அவர் சொல்லும் பெயர்களை இன்னொரு கோப்பாகவும் எழுதிக்கொள்கிறேன். முதல் கோப்பில் ஒவ்வொரு சோடியும் சமம் என்று வர வேண்டும், ஹாஷும் ஒன்றாக வர வேண்டும். இரண்டாவதில் ஒரு சோடிகூடச் சமம் என்று வரக் கூடாது. இரண்டாவது கோப்புதான் அதிக மதிப்புள்ளது. ஒரே பெயரில் சாத்தூரில் ஒரு கடையும் கோவில்பட்டியில் ஒரு கடையும் இருப்பது அதில்தான் தெரியவரும்.

தமிழில் பெயர் வாங்கும் எந்த நிரலை எழுதுகிறவரும், ரேஷன் பட்டியலோ பள்ளிச் சேர்க்கையோ மருத்துவமனைப் பதிவோ எதுவானாலும், ஒரு காரியம் செய்யுங்கள். கோவில்பட்டியை ஒரே குறியோடு ஒருமுறையும் பிரிந்த குறியோடு ஒருமுறையும் உள்ளே கொடுங்கள். ஸ்ரீயைப் பழைய ஸகரத்தில் ஒருமுறை, ஶகரத்தில் ஒருமுறை. டிக்‌ஷனரி என்ற சொல்லைத் தடுப்பானோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. மூன்று சோடிக்கும் மூன்று பதிவுகள் மட்டும் வந்தால் நல்லது. அதற்கு மேல் வந்தால், பயனர்கள் வருவதற்கு முன்பே ஒப்பீட்டையும் ஹாஷையும் சேர்த்துத் திருத்திவிடுங்கள்.